பின்னால இஞ்சின் உள்ள காடி, செம்மண் ரோடு: வால் வீசுறத எப்படி அடக்குறது?

கேள்வி, 9 ஜனவரி 2025

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம்தான் இருக்கேன். போன வருசம் ஒரு 1965 வோல்க்ஸ்வேகன் ஆமை காடி (பீட்டில்) வாங்குனேன், 1200 மாடல். தார் ரோட்டுல ஒரு கொறையும் இல்ல. தோட்டத்து செம்மண் ரோட்டுல போனா திருப்பத்துல பின்பக்கம் வீசுது, ஒரு தடவ முழுசா சுத்தி வந்த வழியவே பாத்து நின்னுட்டேன். ஒரு ஒர்க்‌ஷாப்புல பின்பக்கத்த ரெண்டு இஞ்ச் தூக்கிட்டா கல்லும் இடிக்காது, புடிமானமும் வரும்னு சொல்றாங்க. தூக்கலாமா? தெரிஞ்ச அங்கிள்மாருங்க யாராச்சும் சொல்லுங்க.

பதில், 9 ஜனவரி, ராத்திரி மணி 11

தூக்காத தம்பி. ஏன்னு நாளைக்கு எழுதுறேன். அதுக்குள்ள ஒரு வேலை செய், நாலு டயருலயும் காத்து எவ்வளவு இருக்குன்னு தனித்தனியா பாரு. முன்னயும் பின்னயும் ஒரே கணக்கா இருந்துச்சுன்னா பாதி வியாதி அங்கதான். அப்புறம் என்னைய அங்கிள்னு கூப்புடாத, எனக்கு அம்பத்தேழுதான் ஆவுது.

10 ஜனவரி, பசியாறிட்டு

இந்தக் காடியில பின் ஆக்ஸில் கியர்பாக்ஸ் கிட்ட மட்டும்தான் மடங்கும், வீல் பக்கம் மூட்டே கெடையாது. ஆக்ஸில் எப்படி சாயுதோ வீலும் அப்படியே சாயும். பால்மரம் சீவுன வீட்டுப் புள்ளைங்களுக்கு சட்டுனு புரியும்: காண்டாக் கம்புல ரெண்டு வாளி பாலை மாட்டி தோள்ல தூக்குனா நடு மேல போகும், ரெண்டு முனையும் கீழ வளையும்ல, பின்பக்கத்த ரெண்டு இஞ்ச் தூக்குறதும் அதேதான். டயரோட தலை வெளிய விரியும், அடி உள்ள இழுக்கும். நேர்ல போறப்ப ஒண்ணும் தெரியாது. திருப்பத்துல வெளிப்பக்க டயர் மேல பாரம் சாயுறப்ப அது காடிய இன்னும் மேல தள்ளும், டயர் அடி இன்னும் உள்ள போகும், கடைசியில டயர் அதோட ஓரத்து மேல நிக்கும். முழு அகலத்துல புடிச்சிக்கிட்டு இருந்தது மூணு விரல் அகலத்துல புடிக்கும். அவ்வளவுதான், வால் போச்சு.

கல்லு இடிக்காதுங்கிறது உண்மை. புடிமானம் வரும்ங்கிறது சுத்தப் பொய்.

இதெல்லாம் பழைய ஆக்ஸிலுக்கு. 1302, 1303 மாடல்ல வீல் பக்கமும் மூட்டு வந்துருச்சு, அந்தக் காடிக்கு நான் சொல்றதுல பாதி பொருந்தாது. உன்னோடது 1965, சந்தேகமே இல்ல.

11 ஜனவரி

காத்து விசயம். தம்பி பதில் போட்டுட்டான்: நாலுலயும் 220. நான் நெனச்சதுதான். பெட்ரோல் ஸ்டேசன் மிசின்ல முன்னால வந்த மைவி காடிக்காரன் என்ன நம்பர் வச்சானோ அதுவே திரையில நிக்கும், நாமளும் குழாய மாட்டிட்டு டிங் டிங்னு சத்தம் வர்ற வரைக்கும் போனப் பாத்துக்கிட்டு நிப்போம். 220 கிலோபாஸ்கல்னா 32 பவுண்டு. அந்தக் காலத்து 5.60-15 சைஸ் டயருக்கு வோல்க்ஸ்வேகன் புக்குல போட்டது முன்னால 16, பின்னால 24. ரேடியல் டயருன்னா 18, 27. மிசின் கணக்குல 125, 185னு வச்சிக்க. 125ன்னு போட்டா பக்கத்துல நிக்கிறவன் உன்னைய ஒரு மாதிரி பாப்பான், பாக்கட்டும்.

ஏன் முன்னால கொறச்சல்? காடியோட பாரம் நூத்துக்கு அறுபது பின் வீல் மேல. காத்து கொறஞ்ச டயர் பக்கவாட்டுல கொஞ்சம் நெளியும், அதனால முன்பக்கம் திருப்பத்துக்கு சோம்பலா பதில் சொல்லும், பின்பக்கத்த விட முந்தி அது வழுக்கத் தொடங்கும். முன்பக்கம் வழுக்குனா நமக்கு உடனே தெரியும், வேகத்தக் கொறைக்கலாம். பின்பக்கம் முந்திக்கிட்டா தெரியும்போதே லேட்டு. அமெரிக்காவுல செவ்ரலே கோர்வேர்னு பின் இஞ்சின் காடி 1960 மாடலா வந்துச்சு, அதுக்கும் இதே மாதிரி ஆக்ஸில்தான், அவங்க சொன்ன காத்து முன்னால 15 பின்னால 26. வாங்குனவங்க ரெண்டையும் ஒண்ணா வச்சி ஓட்டி கவுந்த கதையெல்லாம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. 1964ல பின்னால குறுக்க ஒரு லீஃப் ஸ்பிரிங் போட்டாங்க, 1965ல அந்த ஆக்ஸிலையே தூக்கிப் போட்டுட்டாங்க.

செம்மண்ணுல இன்னும் ரெண்டு பவுண்டு கொறைக்கலாம், ஆனா முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள எட்டு ஒம்போது பவுண்டு வித்தியாசத்த மாத்தாத. நான் ஒரு காலத்துல முன்னால 12க்கு போனேன், ரொம்ப சொகமாதான் இருந்துச்சு, பாலத்து ஓரத்துல ஒரு கல்லு ரிம்ம நசுக்குற வரைக்கும்.

12 ஜனவரி, ஞாயிறு

ஒரு அண்ணன் கேக்குறாரு, இவ்வளவு பேசுறியே நீ கவுத்தது இல்லையான்னு.

1989. அப்பா தோட்டத்து லோரி ஓட்டுனவரு. கிராணி (தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கு) ரிட்டையர் ஆகி பினாங்குக்கு போறப்ப அவரோட 1964 காடிய அப்பாவுக்கு கொடுத்துட்டு போனாரு, மாசம் இவ்வளவுன்னு கட்டி முடிச்சாரு. ஆறு வோல்ட், லைட்டு போட்டா மெழுகுவத்தி மாதிரி இருக்கும். அக்காவுக்கு நிச்சயம், நான் டவுன்ல இருந்து பலகாரம் ஏத்திக்கிட்டு வர்றேன். எனக்கு இருவத்தொண்ணு வயசு, பின்சீட்டுல ரெண்டு தட்டு பூந்தி, ஒரு தார் வாழப்பழம். எடை போடுற கொட்டாய் தாண்டி மாரியம்மன் கோயிலச் சுத்தி ரோடு இடது பக்கமா வளையும், தெரிஞ்ச திருப்பம்தான், ஆயிரம் தடவ போயிருப்பேன். அன்னிக்கு கொஞ்சம் வேகம். பாதி திருப்பத்துல கோயில் பின்னால இருந்து ரெண்டு ஆடு. ஆக்சிலேட்டர்ல இருந்து பட்டுனு கால எடுத்தேன். பிரேக்கு கூட தொடல, கால எடுத்தேன், அவ்வளவுதான். பின்பக்கம் அப்படியே சுத்திச்சு, கண்ணாடியில கோயில் போச்சு, செம்பனை மரம் போச்சு, திரும்பக் கோயில் வந்துச்சு, அப்புறம் வானம். பின்பக்கம் பாரிட்டு வாய்க்காலுக்குள்ள, முன் லைட்டு ரெண்டும் மேகத்தப் பாத்துக்கிட்டு நிக்குது. தலையெல்லாம் பூந்தி. ஆடு ரெண்டும் நின்னு பாத்துட்டு போச்சு.

டிராக்டர் வந்து இழுத்துச்சு. மண்டோர் (வேலைய மேற்பாக்குறவரு) சிரிச்சாரு, பசங்க வாழப்பழத்த பொறுக்கித் தின்னுட்டானுங்க. அப்பா காடியச் சுத்தி வந்து பாத்தாரு, திட்டல, "ஏன் கால எடுத்த?"ன்னு மட்டும் கேட்டாரு. ஆட்ட இடிக்கச் சொல்றாரான்னு எனக்குக் கோவம். அவரு கேட்டது என்னன்னு புரிய எனக்கு பத்து வருசம் ஆச்சு.

கால எடுத்தா பாரம் முன்னால ஓடும், பின் வீல் லேசாகும். அதே நேரம் இஞ்சின் பின் வீலத்தான் புடிச்சி இழுக்கும். ரெண்டும் சேந்தா பின் டயர் விட்டுரும். காண்டாவுல நிறைஞ்ச வாளியோட ஓட்டமா வந்து சடார்னு நின்னு பாருங்க, பின் வாளி நம்மளச் சுத்திக்கிட்டு முன்னால வரும். எங்கம்மா அப்படி ஒரு தடவ விழுந்து பால் பூரா கொட்டி அன்னிக்கு அரைப் பேருதான் போட்டாங்க, அரை நாள் சம்பளம்.

இதே ஆமை காடியிலதானே ஜோகிந்தர் சிங் ஆப்பிரிக்காவுல சஃபாரி ரேலி ஜெயிச்சாரு, நம்மாளால ஒரு கோயில் திருப்பத்தத் தாண்ட முடியலன்னு அப்ப கூட்டாளிங்க கிண்டல் பண்ணுவானுங்க.

14 ஜனவரி, பொங்கல்

"சுத்தப் பொய்"ன்னு எழுதுனது கொஞ்சம் ஓவர். பொங்கல் பொங்குறத பாத்துக்கிட்டே யோசிச்சேன். மழைக்காலத்துல லோரித் தடம் முழங்கால் ஆழம் ஆயிருச்சுன்னா தூக்குன காடிதான் போகும், மத்தது அடி தட்டி நிக்கும். அதுக்கு தூக்குறவங்கள குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா தம்பி கேட்டது வால் வீசுறதப் பத்தி.

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. கரும்பு ஒரு கட்டு என்ன வெலை விக்கிறான், அநியாயம்.

19 ஜனவரி

காடிக்கு அடியில செஞ்ச வேலையெல்லாம் ஒழுங்கா எழுதச் சொல்லி தனியா கேட்டாங்க, அதனால இது நீளம்.

மொதல்ல ஷாக் அப்சார்பர். பின்னால மூலைய அமுக்கி விட்டா ஒரு தடவ எழும்பி நிக்கணும், ரெண்டு மூணு தடவ ஆடுச்சுன்னா செத்துருச்சு. செத்த ஷாக்கு வீல் கீழ தொங்குறதத் தடுக்காது, ஆக்ஸில் சடார்னு மடங்கும். காசு செலவழிக்கிறதா இருந்தா இங்கதான் மொதல்ல செலவழி.

அப்புறம் வார். ஆக்ஸில் ஒரு அளவுக்கு மேல கீழ தொங்காம கட்டிப் போடுறது. நான் மொதல்ல பழைய லோரி சீட் பெல்ட்ட வெட்டிக் கட்டுனேன், ரெண்டு வாரத்துல மண்ணும் எண்ணெயும் பட்டு அறுந்துருச்சு. அப்புறம் செம்பனை எண்ணெ மில்லுல கழிச்சுப் போட்ட கன்வேயர் பெல்ட் துண்டு ஒண்ணு கெடச்சுச்சு, உள்ள துணி வச்ச ரப்பர், அத நாலு விரல் அகலத்துக்கு அறுத்து ரெண்டு முனையிலயும் தகரப் பட்டை வச்சி போல்ட் போட்டேன். அது இன்னும் கெடக்கு. ஆனா அளவுல தப்பு பண்ணேன். ரொம்ப இறுக்கிட்டேன், பள்ளத்துல உள்பக்க வீல் இறங்க வழி இல்லாம அந்தரத்துல சுத்துச்சு, கோயில் மேட்டுல ஏறவே இல்ல. ரெண்டு விரல் லூஸ் விட்டதும் சரியாச்சு. இந்த வார் வேலையக் காசு கொடுத்து சுத்தமா செய்யணும்னா கியர்பாக்ஸ் அடியில குறுக்க மாட்டுற லீஃப் ஸ்பிரிங் இருக்கு, போர்ஷே 356 சூப்பர் 90லயே அது வந்துச்சு. அது ரெண்டு ஆக்ஸிலையும் மேல தாங்கிக்கும், காடி ஒரு பக்கம் சாயுறதத் தடுக்காது. கன்வேயர் பெல்ட்ட விட ஒசத்திதான், எனக்கு மனசு வரல.

மூணாவது, ஒசரம். நான் தூக்காம எறக்குனேன், கொஞ்சமா. பின்னால ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுக்குக் கம்பிதான், அதோட உள் முனையில 40 பல்லு, வெளி முனையில 44. உள்ள ஒரு பல்லு மாத்துனா 9 டிகிரி, வெளிய ஒரு பல்லு மாத்துனா 8 டிகிரி 10 நிமிசம் (60 நிமிசம் சேந்தா ஒரு டிகிரி). ரெண்டையும் எதிர் எதிரா ஒவ்வொரு பல்லு திருப்புனா மிச்சம் 50 நிமிசம்தான், ஒரு டிகிரி கூட இல்ல. ஜெர்மன்காரன் மூளையப் பாருங்க, ரெண்டு பக்கமும் 40ன்னு வச்சிருந்தா இவ்வளவு பொடிசா மாத்தவே முடியாது. கழட்டுறதுக்கு முன்னால உளியால ரெண்டு பக்கமும் கோடு போட்டுக்க. கம்பியோட வெளி முனையில மாட்டியிருக்குற பிளேட்டு தாங்குற எடத்த விட்டு எறங்குறப்ப துப்பாக்கி மாதிரி அடிக்கும், கீழ ஜாக்கி கொடுத்து சங்கிலி போடாம தொடவே தொடாத. எங்க வீட்டு சிமெண்டுத் தரையில இன்னும் ஒரு வடு இருக்கு, என் மொழங்கால் எலும்பு இருக்க வேண்டிய எடம்.

எறக்குனதும் வால் அடங்குச்சு. ஆனா காடிக்கு மொத்தமே ஆறு இஞ்ச் எடம்தான் இருக்கு அடியில, தோட்டத்து ரோடு நடுவுல முதுகு மாதிரி புல்லோட எழும்பி நிக்கும், இஞ்சின் அடி தட்டிக்கிட்டே வந்துச்சு. ரெண்டரை லிட்டர் எண்ணெதான் மொத்தமே, அது ஒழுகிட்டா கதை முடிஞ்சுது. அதனால ஒரு 50 நிமிசம் திரும்ப ஏத்திட்டேன். தூக்காதன்னு சொன்னவனே தூக்கிட்டான்னு சொல்லாதீங்க, பழைய அளவ விட இன்னும் கீழதான்.

1967 மாடல் 1500ல பின்னால குறுக்க ஒரு கம்பி போகுமே, அதப் போட்டா வால் சாயாதான்னு கேட்டாங்க. ஆமா, சாயாது.

20 ஜனவரி

தப்பு. ரெண்டு தப்பு.

அந்த 1500 கம்பி சாயுறதத் தடுக்காது. ஆளும் சாமானும் ஏத்தி ரெண்டு பின் வீலும் ஒண்ணா அமுங்குறப்பதான் அது வேலை செய்யும், ஒரு பக்கமா சாயுறப்ப சும்மா சுத்திக்கிட்டு நிக்கும். தூக்கத்துல எழுதிட்டேன்.

ரெண்டாவது, ஈப்போவுல இருந்து ஒரு அண்ணன் நல்லா குடுத்தாரு. ஜோகிந்தர் சிங் சஃபாரி ஜெயிச்சது 1965ல வோல்வோவுல, அப்புறம் 1974லயும் 1976லயும் மிட்சுபிஷி லான்சர்ல. ஆமை காடி ஜெயிச்சது 1954, 1957, 1962, ஓட்டுனவங்க வேற ஆளுங்க. முப்பத்தஞ்சு வருசமா கூட்டாளிங்க சொன்னத நம்பிக்கிட்டு இருந்திருக்கேன். இன்னொருத்தரு அது நம்ம கரம்ஜிட் சிங் இல்லையாங்கிறாரு. இல்ல சார், அவரு மலேசியாக்காரரு, 2002ல புரோட்டோன்ல புரொடக்‌ஷன் பிரிவு உலகச் சாம்பியன், அது நாலு வீலும் இழுக்குற காடி. ரெண்டு சிங்கையும் சேத்து ஒரே ஆளாக்கிட்டீங்க.

பின் இஞ்சின் காடியால வழுக்குற ரோட்டுல ஓட முடியாதுன்னு சொல்றவங்களுக்காக: 1968ல மான்டி கார்லோ ரேலி போர்ஷே 911, 1973ல உலக ரேலி சாம்பியன் ஆல்பைன். ரெண்டுக்கும் இஞ்சின் பின்னாலதான்.

26 ஜனவரி

மணல் மூட்டை. இத எல்லாரும் சொல்லுவாங்க, முன் பானெட்டுக்குள்ள ஒரு மூட்டை போடு மூக்கு கனமாகும்னு. நானும் போட்டேன். மூக்கு திரும்புச்சு, சரிதான். ஆனா முன்னால ஒரு கனம், பின்னால ஒரு கனம், காடி ஒரு தடவ சுத்தத் தொடங்குச்சுன்னா நிறுத்தவே முடியல. கூடவே மூட்டை கிழிஞ்சு ஸ்பேர் டயர் குழி பூரா மணல், கண்ணாடி கழுவுற தண்ணி காத்து அழுத்தத்துலதான் பீச்சும் இந்தக் காடியில, அந்தக் குழாய்க்குள்ளயும் மணல். ஒரு வருசம் கண்ணாடிய துணியாலதான் தொடச்சேன்.

அதுக்கு பதிலா டேங்க்க நிறைச்சு வச்சிரு. 40 லிட்டர், கிட்டத்தட்ட 30 கிலோ, முன்னாலதான் இருக்கு. பாதி டேங்குக்கும் முழு டேங்குக்கும் உள்ள வித்தியாசம் மண்ணுல கையிலயே தெரியும். சம்பளத்துக்கு முந்தின வாரம் காடி மோசமா ஓடுறதுக்கு இதுதான் காரணம்னு நெனைக்கிறேன்.

அகல டயர் போடலாமான்னு கேள்வி. லூஸ் மண்ணுல ஒல்லி டயருதான் மேல் மண்ண வெட்டிக்கிட்டு அடியில உள்ள கெட்டித் தரையப் புடிக்கும். வேணும்னா பின்னால மட்டும் ஒரு சைஸ் ஏத்து. நாலுலயும் அகலம் போட்டா போட்டோவுக்கு நல்லாருக்கும்.

2 பிப்ரவரி

ஓட்டுறதப் பத்தி எழுதாம எவ்வளவு நாள் இரும்பப் பத்தியே எழுதுறது.

வேகத்த நேர் ரோட்டுலயே கொன்னுடு. கியரையும் அங்கயே மாத்திடு. பிரேக்க முழுசா விடாம, கடைசி ஒரு சொட்டு மிதிச்சபடியே ஸ்டியரிங்க திருப்பு, பாரம் முன் வீல் மேல இருக்கும், அப்பதான் மூக்கு உள்ள வரும், இல்லன்னா இந்தக் காடி முன்பக்கம் நேரா செம்பனை மரத்தப் பாத்துத்தான் போகும். மூக்கு வந்தவொடன பிரேக்க விட்டு ஆக்சிலேட்டர மெதுவாத் தொட்டு அப்படியே புடிச்சிக்க, திருப்பம் முடியிற வரைக்கும். ஏத்தவும் வேணாம் எறக்கவும் வேணாம். பாரம் பின்னால உக்காந்துக்கும், பின் டயர் அமுங்கிப் புடிக்கும், அப்ப தெரியும் பின் இஞ்சினோட அருமை, மத்த காடி வழுக்குற மேட்டுல இது பல்லி மாதிரி ஏறும். வால் கொஞ்சம் போச்சுன்னாலும் போற பக்கம் ஸ்டியரிங்க திருப்பு, கால எடுக்காத.

எழுதிட்டு யோசிக்கிறேன், அந்தக் கடைசி சொட்டு பிரேக்க ரொம்ப நேரம் வச்சிருந்தா அதுவே வால வீச வச்சிரும். எவ்வளவு நேரம்னு எழுத்துல சொல்ல வரல.

இன்னொண்ணு. வழுவழுன்னு வழுக்குற மண்ணுல காடி சுத்தும், ஆனா பெரும்பாலும் கவுறாது. லோரித் தடத்தோட ஓரம் காஞ்சு கல்லு மாதிரி நிக்கும் பாரு, பக்கவாட்டுல வழுக்கிப் போற பின் டயர் அதுல மாட்டுற நொடிதான் ஆக்ஸில் மடங்கும், அப்பதான் கவுறும். தடத்துக்குள்ள ஓட்டுறதா இருந்தா உள்ளயே ஓட்டு, இல்லன்னா வெளிய ஓட்டு, திருப்பத்துல மாறாத. அப்புறம் செம்பனைப் பழக்குலை அடுக்குற மேடை பக்கத்துல மெதுவா. உதிரிப்பழம் ரோட்டுல நசுங்கிக் கெடக்கும், செவப்பு மண்ணுல ஆரஞ்சு நெறத்துல எண்ணெ மினுங்கும், அதுல நடந்தாலே வழுக்கும்.

பழகுறதா இருந்தா ஞாயித்துக்கிழமை, ஆபீஸ்ல சொல்லிட்டு, திருப்பத்துல ஒரு ஆள நிறுத்திட்டு. மோட்டோவுல பழம் வெட்டுற அருவாக் கம்போட வர்றவங்க நம்ம ரேலிக்கு டிக்கட் வாங்கல.

11 பிப்ரவரி, தைப்பூசம்

காவடி பாத்துட்டு இப்பதான் வந்தேன், கால் வலி. யாரோ ஏர் ஃபில்டர் கேட்டிருந்தாங்க: உள்ள எண்ணெ ஊத்துற பழைய ஃபில்டரு தோட்டத்துப் புழுதிக்கு நல்லதுதான், ஆனா மண் ரோட்டுல ஓட்டுனா அடிக்கடி தொறந்து பாரு, அடியில சேறு சேந்து எண்ணெ இருந்த எடமே தெரியாது. பாக்கி நாளைக்கு.

16 பிப்ரவரி, ஞாயிறு

தம்பி நேத்து வீட்டுக்கு வந்தான். முன்னால 18, பின்னால 27, பின்னால புது ஷாக்கு ரெண்டு, டேங்க் ஃபுல். வார் கட்டல, ஒசரத்த தொடல. இன்னிக்கு காலையில கோயில் திருப்பத்துக்கே கூட்டிட்டு போனேன். பக்கத்து சீட்டுல நான். மொத தடவ நடுத் திருப்பத்துல பழக்க தோசத்துல கால லேசா எடுத்தான், வால் அசஞ்சுச்சு, திரும்ப மிதிச்சான், அடங்கிருச்சு. ரெண்டாவது தடவ எடுக்கல. நான்தான் இல்லாத பிரேக்க மிதிச்சிக்கிட்டு வந்தேன், காடித் தரை விரிப்புல ஷூ அச்சு இருக்கு. மூணாவது தடவ பூசாரி வெளிய வந்து ரெண்டு பேரும் போதும் போங்கன்னுட்டாரு.

வாருக்கு இப்ப அவசியம் இல்ல தம்பி, மழை வரட்டும் பாப்போம். ஆனா குனிஞ்சு பாத்தேன், இடது பக்கம் ஆக்ஸில் பூட் (ரப்பர் உறை) கிழிஞ்சு கியர் எண்ணெ சொட்டுது. ரெண்டா பிரியிற பூட் கடையில இருக்கு, ஆக்ஸிலக் கழட்டாமலே மாட்டலாம். சேருற தையல் கீழ வராம வை, ஸ்குருவ ரொம்ப முறுக்காத, கிழிஞ்சிரும். மாட்டுறதுக்கு முந்தி சொல்லு, ஜாக்கி ஸ்டாண்டு எங்கிட்ட இருக்கு.